தளி ரோடு ரெக்கார்டிங் கடை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

பாட்டுப் பட்டியல் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் கடைகள் உடுமலையில் அன்று பல இருந்தன. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். கேட்ட பாட்டெல்லாம் ஏறிய பிறகு கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதைச் சும்மா விடுவார்கள். இல்லாவிட்டால் பாதியில் அறுந்துபோகிற பாட்டு ஒன்றைத் திணிப்பார்கள். நீங்கள் மட்டும் யாருமே கேட்காத எதையாவது அதில் ஏற்றினீர்கள், அதற்குக் காசும் வாங்காமல். அந்த மிச்ச நாடாவுக்குத்தான் இந்த நன்றி.

'கரகாட்டக்காரன்' பாட்டுகள் முடிந்த இடத்தில் ஒருநாள் வெறும் வயலின். அதே இளையராஜாதான், ஆனால் படமும் இல்லை, பாடகரும் இல்லை. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒன்று. பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி மூச்சுவிடாமல் ஓடுகிறது. அதன் மேலேயே வி. எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு தன் வழியில் போகிறது. எதற்குக் காது கொடுப்பது? உங்களிடமே வந்து கேட்டேன். “தையில சலகெருது ஆடறப்ப உருமியைக் கேட்டுட்டு வாங்க தம்பி, அப்புறம் பேசலாம்” என்றீர்கள்.

மாட்டுப் பொங்கலை ஒட்டி சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் போனேன். உருமியின் ஒரு முகத்தை அடிக்கிறார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் உரசுகிறார்கள். அந்த உறுமல் ஏறி, இறங்கி, வழுக்கி, எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் போகிறது. எருதின் முன்னால் கோல் பிடித்து ஆடுபவர் அடி மாற்ற, எருதும் கால் மாற்றுகிறது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த சத்தம்தான். நின்று கேட்டது அன்றுதான்.

ரொம்ப நாள் கழித்து ஸ்டீவ் ரைஷ் 1967இல் எழுதிய 'பியானோ ஃபேஸ்' கிடைத்தது. இரண்டு பியானோ, ஒரே சின்னத் துணுக்கு. ஒருவர் மட்டும் இம்மி வேகம் கூட்டி விலகிப்போய், சுற்றி வந்து மறுபடி சேர்ந்துகொள்கிறார். இரண்டு விசைத்தறிகள் அக்கம்பக்கமாக ஓடும் வீட்டில் தூங்கிப் பழகியவனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது! (இருபது நிமிடம் கொஞ்சம் அதிகம்தான்.) புதுமை என்ற பெயரில் குப்பையும் நிறைய வருகிறது. உங்கள் மிச்ச நாடாவுக்குள் அடங்காத எதையும் நான் சந்தேகத்தோடுதான் தொடுகிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. இந்த உபரிகளின் பெயரை நீங்கள் அட்டையில் எழுதியதே இல்லை. எங்கள் அம்மாவின் அம்மன் பாட்டுக் கேசட்டில், பி பக்கக் கடைசியில், மோர்சிங் மட்டும் தனியாக ஒலிக்கும். நடுவில் யாரோ இருமுவார்கள். யார் வாசித்தது அது? கடையிலேயே பதிந்ததா? இருமியது நீங்கள்தானா?

அன்புடன்,
உங்கள் பழைய வாடிக்கைக்காரன்
உடுமலைப்பேட்டை