ராத்திரியானால் மட்டும் மக்கர் செய்யும் ஹீட்டர்! - அரிசோனா பாலைவனத்தில் ஒரு பஸ் வீடு

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் போனால் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊர் வருகிறது. அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். கோடையில் போனால் பெட்ரோல் பங்க்கையும் வெயிலையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஜனவரியில் போனால் நம் ஊர்த் திருவிழா மைதானம் மாதிரி இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேன்கள், டிரெய்லர்கள், வீடாக மாற்றப்பட்ட பஸ்கள்.

வடக்கே பனி கொட்டும் மாதங்களில் வயதானவர்கள் பலரும் வண்டியோடு இங்கே இறங்கிவிடுகிறார்கள். 'ஸ்னோபேர்ட்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். நம் வேடந்தாங்கல் கதைதான், இறக்கைக்குப் பதில் டயர். ஊருக்குத் தெற்கே 'லா போசா' என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் தங்கலாம். தண்ணீர் பிடிக்கவும் கழிவுநீரைக் கொட்டவும் இடம் உண்டு. கரன்ட் கிடையாது. அதனால் எல்லா வண்டியின் கூரையிலும் சோலார் பலகை.

ஊர்க் கல்லறையில் பிரமிடு வடிவில் ஒரு சமாதி, அதன் உச்சியில் ஓர் ஒட்டகம். பாலைவனத்தில் சுமை தூக்க அமெரிக்க ராணுவம் 1850-களில் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது, அவற்றை ஓட்ட வந்த ஹாஜி அலி என்பவரின் சமாதி அது. அவர் பெயர் உள்ளூர்க்காரர்கள் வாயில் 'ஹை ஜாலி' ஆகிவிட்டது. 1902-ல் இறந்தார். வெளியூரிலிருந்து வந்து தங்கிப்போனவர்களின் ஊர் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

பீனிக்ஸில் வேலை பார்க்கும் அண்ணனுடன், வாடகை வேனில் மூன்று நாள் அங்கே தங்கினேன். பக்கத்தில் நின்றது ஒரு பழைய பள்ளிப் பேருந்து. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளின் அந்த மஞ்சள் நிறம் 1939-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டில் முடிவானது. ஓடிக் களைத்த பேருந்துகளை ஏலம் விடுவார்கள். வாங்குபவர்கள் இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி வைத்து வீடாக்கிக்கொள்கிறார்கள். இந்த வீடுகளுக்குச் செல்லப் பெயர் 'ஸ்கூலி'. எங்கள் பக்கத்து ஸ்கூலிக்கு வெளிர் நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே தனியாக வசிப்பவர் 66 வயது அம்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் ஊர் சத்துணவுக் கூட ஆயாக்களைப் போலவே பேசிக்கொண்டே கையில் தட்டைத் திணிப்பார்.

முதல் நாள் காலையில் அவரைப் பார்த்தபோது கண் சிவந்திருந்தது. "ராத்திரி தூங்கவே இல்லை. ஹீட்டர் மறுபடியும் பத்து காட்டிட்டு நின்னுபோச்சு" என்றார்.

பாலைவனம் என்றாலே சூடு என்று நினைப்போம். பகலில் அப்படித்தான், ஜனவரியிலும் ஸ்வெட்டர் தேவைப்படாது. சூரியன் இறங்கிய பிறகு மண் வேகமாகக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் 4, 5 டிகிரி செல்சியஸ், சில நாள் அதற்கும் கீழே. பஸ்ஸின் உடம்பு தகரம், பக்கவாட்டில் வரிசையாகக் கண்ணாடி. உள்ளே வெளியை விடக் கொஞ்சம்தான் வித்தியாசம்.

அதைவிடப் பெரிய கவலை அவருக்கு இருந்தது. ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் இருக்கும் மகளுக்குப் பிப்ரவரி முதல் வாரம் பிரசவம். போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். மகளுடையது ஒரே அறை வீடு என்பதால் இவர் பஸ்ஸை வாசலில் நிறுத்தி அதில்தான் தூங்குவார். ஃபிளாக்ஸ்டாஃப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், ஏறக்குறைய நம் ஊட்டி அளவு. ஆனால் அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும், ராத்திரி மைனஸ் 8, 10 என்று இறங்கும். ஹீட்டர் இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

அவர் பஸ்ஸில் இருந்தது டீசலில் எரியும் ஹீட்டர். லாரி டிரைவர்கள் கேபினில் தூங்குவதற்காகப் பிரபலமானது. ஜெர்மனியின் எபர்ஸ்பேஷர், வெபாஸ்டோ நிறுவனங்கள் இதில் பழைய கைகள். அதே மாதிரியில் சீனாவிலிருந்து மிகக் குறைந்த விலைக்கு வரும் ஹீட்டர்கள்தான் இப்போது பெரும்பாலான ஸ்கூலிகளில். இவருடையதும் அதுதான். லாரி இன்ஜினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு மூன்று லிட்டர் டீசல் போகும், இதற்கு அரை லிட்டருக்குள் போதும்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு சின்ன பம்ப் 'டிக்… டிக்…' என்று சொட்டுச் சொட்டாக டீசலை அனுப்புகிறது. பேட்டரி கரன்ட்டில் ஒரு ப்ளக் பழுக்கக் காய்கிறது. நம் ஊர் டீசல் கார் மெக்கானிக்குகள் 'ஹீட்டர் ப்ளக்' என்பார்களே, அதன் தம்பி. ப்ளக்கைச் சுற்றி, காபி வடிகட்டியின் வலை மாதிரி ஒரு சல்லடை. அதில் டீசல் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். நெருப்பு ஒரு அலுமினியக் கூட்டுக்குள் எரிய, கூட்டின் வெளிப்பக்கம் அறைக் காற்று பட்டுச் சூடாகி வரும். புகை தனிக் குழாய் வழியே பஸ்ஸுக்கு அடியில் வெளியேறிவிடும். இந்த இரண்டு காற்றும் எந்தக் காரணம் கொண்டும் கலக்கக் கூடாது.

ஹீட்டரின் திரையில் வந்த 'இ-10' என்ற குறியீட்டுக்கு, 'பற்றவைக்க முயன்றேன், முடியவில்லை' என்று அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. யாரோ சொன்னார்கள் என்று ப்ளக்கை மாற்றியிருக்கிறார். பிறகு இன்னொருவர் சொன்னார் என்று பம்பையும் மாற்றியிருக்கிறார். "பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று மூன்றாவது ஆள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்காவிலும் ஆலோசனை இலவசம்தான்.

அன்று மதியம் இரண்டு வண்டி தள்ளித் தங்கியிருந்த பெரியவர் ஒருவர் மல்டிமீட்டரும் டார்ச்சுமாக வந்தார். கனடாக்காரர், லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹீட்டரை அவர் முதலில் தொடவே இல்லை. "குளிருக்கு ராத்திரி என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"கேஸ் அடுப்பைக் கொஞ்சம் எரியவிட்டேன். ஜன்னலைச் சாத்திட்டுத்தான்."

பெரியவர் முகம் மாறிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டினார். அச்சிடப்பட்டிருந்த ஆயுள் தேதி முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்த அலாரங்களின் உணரி பொதுவாக 5 முதல் 10 ஆண்டுதான் உழைக்கும். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினால் சத்தம் வரும், வாயு வந்தால் வரும் என்று நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். பெரியவர் தன் வண்டியிலிருந்த உபரி அலாரத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டிய பிறகுதான் ஹீட்டருக்கு வந்தார்.

சுவிட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது, பம்ப் 'டிக்… டிக்…' என்றது. இரண்டு நிமிடத்தில் ஹீட்டர் சமர்த்தாகப் பற்றிக்கொண்டது!

"பகல்ல இப்படித்தான், ஒழுங்கா எரியும். ராத்திரிதான் வேலையைக் காட்டும்" என்றார் அந்த அம்மா, சலிப்போடு. பெரியவர் சிரித்துவிட்டார். "இதை முதல்லயே சொல்லியிருந்தா பம்பை மாத்தியிருக்கவே வேண்டாமே!"

இரவு ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தார். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. இந்த முறை சுவிட்சைப் போட்டதும் பஸ்ஸுக்கு வெளியே குழாய் முனையிலிருந்து வெள்ளைப் புகை வந்தது, டீசல் நெடியோடு. டீசல் உள்ளே போகிறது, எரியாமல் ஆவியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். ஆக, பம்ப் குற்றவாளி இல்லை. அடுத்து, ப்ளக் காய்ந்துகொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி முனையில் 12.3 வோல்ட். ஹீட்டர் முனையில் 10.5.

நடுவில் 1.8 வோல்ட்டைத் தின்றது ஒயர். பேட்டரி பஸ்ஸின் பின்பக்கம் கட்டிலுக்கு அடியில், ஹீட்டரோ முன்பக்கம். நடுவில் 12 மீட்டர். போக வர 24 மீட்டர். ஹீட்டரோடு வந்த குட்டை ஒயரை நீட்டுவதற்கு, பஸ்ஸை மாற்றியமைத்த யாரோ மெல்லிய ஒயரைப் போட்டிருந்தார்கள். நம் ஊர் எலெக்ட்ரீஷியன் கணக்கில் சுமார் 2 ஸ்கொயர் எம்.எம். வீட்டு 230 வோல்ட்டில் இந்த இழப்பு யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில், ப்ளக் 9 ஆம்பியர் இழுக்கும்போது, அதன் சூட்டில் கால்வாசிக்கு மேல் போய்விடுகிறது. எரிய ஆரம்பித்த பிறகு ப்ளக் அணைந்துவிடும், கரன்ட் ஓர் ஆம்பியர் பக்கம் இறங்கிவிடும், பிரச்னை தெரியாது. பகலில் சோலார் பேட்டரியை 13.6 வோல்ட்டுக்கு மேல் தூக்கிவைத்திருக்கும். இழப்பு போக 11.8 மிஞ்சும், அது போதும். ராத்திரியானால் மட்டும் மக்கர் செய்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

மறுநாள் காலை ஊர்ச் சந்தைக்குப் போனோம். ரத்தினக் கல்லும் பழைய கோடரியும் ஒட்டகப் பொம்மையும் விற்கும் கடைகளுக்கு நடுவே ஒயர், போல்ட், சோலார் சாமான் எல்லாமே கிடைக்கிறது. சுமார் 8 ஸ்கொயர் எம்.எம். ஒயர், ஃபியூஸ், முனைகள் வாங்கினோம். புது ஹீட்டர் விலையில் சின்னப் பங்குதான். ஒயரை இழுத்து முடித்து அளந்தபோது ஹீட்டர் முனையில் 11.8.

அத்தோடு விடவில்லை பெரியவர். ஒவ்வொரு முறை பற்றாமல் போகும்போதும் டீசல் உள்ளே தேங்கியிருக்கும் என்று ஹீட்டரைக் கழற்றினார். அலுமினியக் கூட்டுக்குள் கரி. விரலால் வழித்தால் கட்டியாக வந்தது. சல்லடை முக்கால்வாசி அடைந்திருந்தது. இவ்வளவும் தேங்கிய டீசலால் மட்டும் வந்திருக்காது. நவம்பர் வரை இந்த பஸ் ஃபிளாக்ஸ்டாஃபில்தான் நின்றிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பம்ப் மட்டும் அதே அளவு டீசலைத் தள்ளும். காற்று போதாமல் எரிந்தால் கரி. போதாததற்கு, டீசல் மிச்சமாகட்டும் என்று ராத்திரி முழுக்கக் குறைந்த சூட்டிலேயே வைத்திருக்கிறார். அதுவும் கரி பிடிக்கும் வழிதான். சிக்கனமாக வாழ்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பெரியவருக்கே கொஞ்சம் தயக்கம் இருந்ததைப் பார்த்தேன்.

கூட்டைச் சுரண்டி பிரஷ் போட்டார். சல்லடையைப் புதிதாக மாற்றினார். மூடும்போது பழைய கேஸ்கட்டையே போடலாமா என்று அந்த அம்மா கேட்டதற்கு மட்டும் கறாராக மறுத்துவிட்டார். அது நசுங்கியிருந்தால் புகை அறைக் காற்றோடு கலந்துவிடும். பஸ்ஸுக்கு அடியில் படுத்து, புகைக்குழாயின் கிளிப்புகளை இறுக்கி, குழாயின் முனையைப் பஸ்ஸின் பக்கவாட்டு விளிம்பு வரை நீட்டிவிட்டார். முதலில் அது நேராகப் படிக்கட்டுக் கதவுக்குக் கீழே முடிந்திருந்தது. பகலில் ஹீட்டர் நன்றாக எரிந்த நாட்களில்கூட அந்த அம்மாவுக்கு அவ்வப்போது வந்த தலைவலி இதனால்தானா என்று நான் கேட்டேன். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு அவர் அலாரம் வைத்து நாலு மணிக்கு எழுந்து சுவிட்சைப் போட்டாராம். வெளியே 3 டிகிரி. முதல் முயற்சியிலேயே பற்றிக்கொண்டது. காலையில் எங்கள் வேன் கதவைத் தட்டி, சோள ரொட்டி கொடுத்துவிட்டுப் போனார்.

கிளம்பும் முன் பெரியவர் ஒரு அட்டையில் எழுதி ஹீட்டர் சுவிட்சுக்கு மேல் ஒட்டினார். ஃபிளாக்ஸ்டாஃப் போனதும் பம்ப் வேகத்தை அவர் குறித்துக்கொடுத்த எண்ணுக்குக் குறைக்க வேண்டும். தினமும் அரை மணி நேரமாவது முழுச் சூட்டில் ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது சுவிட்சை மட்டும் அணைக்க வேண்டும், ஃபேன் தானாக நிற்கும்வரை பேட்டரி ஒயரைப் பிடுங்கக் கூடாது. இங்கே பிடித்த டீசல் அந்தக் குளிரில் மெழுகு மாதிரி உறையலாம் என்பதால் டேங்க்கைக் காலியாக்கிவிட்டு மலையிலேயே டீசல் பிடிக்க வேண்டும். கடைசி வரிக்கு மட்டும் சிவப்புப் பேனா: கேஸ் அடுப்பு சமையலுக்கு.

பிப்ரவரி இரண்டாவது வாரம் அண்ணனுக்கு ஒரு போட்டோ வந்தது. பஸ் கண்ணாடிக்கு வெளியே பனி. மடியில் போர்வை சுற்றிய குழந்தை. பின்னால் சுவரில், அலாரத்தின் திரையில் பூஜ்யம்.