விட்டுப் போவதற்கு ஒரு விலை

7 அக்டோபர் 2025, செவ்வாய்

அக்கா வீட்டு இன்டர்நெட்டை வெட்ட எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு இன்று வந்தது. மூன்று வரிதான். இந்த மாத வாடகை, ரவுட்டரில் இன்னும் கழியாத விலை, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம். முதல் இரண்டையும் கூட்டினாலும் மூன்றாவதில் பாதிக்கு வராது. தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் வாங்குகிற அக்காவுக்கு, பத்து நாள் பேருக்கு (பத்து நாள் சம்பளத்துக்கு) மேல் அந்த ஒரு வரியிலேயே போய்விடும்.

இணைப்பு எடுத்தது மகளின் உயர்தர வகுப்புக்காக. பரீட்சை முடிந்து, பெறுபேறும் வந்து, பிள்ளை கொழும்பில் ஒரு கோர்ஸில் சேர்ந்துவிட்டாள். லயத்தில் இப்போது அக்காவும் அத்தானும் மட்டும். அத்தானுக்கு நாடகம் பார்க்க ரீலோட் போட்ட போன் போதும். ஆனால் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் பாக்கி. “பாவிக்காத சாமானுக்கு எதுக்குடா மாசா மாசம் காசு?” என்கிறாள் அக்கா. வெட்டினால் ஒரே அடியாகக் காசு, வெட்டாவிட்டால் மாதா மாதம் காசு.

ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். முன்கூட்டி முடித்தால் என்ன ஆகும் என்பது மூன்றாம் பக்கத்தின் அடியில்: எந்த மாதம் விட்டாலும் ஒரே தொகை. அக்காவின் கையெழுத்து முதல் பக்கத்தில்.

9 அக்டோபர், வியாழன்

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஹட்டன் டவுனில் இந்த மாதிரி இணைப்புகளை விற்கிற கடையில் இருக்கிறான். டீக்கடையில் பிடித்து வைத்துக் கேட்டேன். கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் சொன்னான்.

“சேர், ரவுட்டர நாங்க முழு விலைக்கு விக்கிறதில்ல. போடப் போற பையன்களுக்கு வேன் செலவு, ஆள் புடிச்சுக் குடுத்தவருக்குக் கமிஷன், எல்லாம் மொத நாளே போயிருது. மூணு மாசத்துல வுட்டுட்டா கம்பெனிக்கு நட்டம். அப்புறம் யாரு இந்தத் தோட்டத்துப் பக்கம் ஏறி வருவா?”

கடைசிக் கேள்விக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. எங்கள் பக்கம் எதுவுமே கடைசியாகத்தான் வந்திருக்கிறது. 2020, 2021இல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இறக்குவதற்கு எங்கள் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறிப் போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கம்பம் நட்டு, கோபுரம் கட்டி, இந்தச் சரிவுகளில் சேவை தருவது கொழும்புப் பக்கத்து நுகேகொடையில் தருவது போல் ஆகாது. போட்ட காசு திரும்பி வரும் என்ற நம்பிக்கை கொடுக்காமல் யாரையும் வரச் சொல்ல முடியாது.

ஆனால் அவன் சொன்னது எல்லாமே முதல் நாளோடு முடிந்த செலவு. அக்கா பதினான்கு மாதம் வாடகை கட்டியிருக்கிறாள். அந்த வாடகையில் இந்தச் செலவும் சேர்ந்துதானே கழிந்துகொண்டு வந்திருக்கும்? அப்படியென்றால் இரண்டாம் மாதம் விடுகிறவனுக்கும் பதினான்காம் மாதம் விடுகிறவளுக்கும் எப்படி ஒரே தொகை?

“சிஸ்டத்துல அப்படித்தான் சேர் இருக்கு” என்றான். பாவம், அவனுக்கும் அந்தச் சிஸ்டம் கொழும்பிலிருந்து வருகிறது.

12 அக்டோபர், ஞாயிறு. மழை

பிள்ளைகளுக்குத் தோட்ட வரலாறு பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். துண்டு முறைக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

தென்னிந்தியாவில் ஆள் கட்டி வருகிற கங்காணி கொடுத்த வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதித் தருவார். இந்த ஆட்களின் கடன் இத்தனை ரூபாய், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். கங்காணி அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவார். எந்தத் துரை காசைக் கட்டுகிறாரோ அவருடைய மலைக்குக் கும்பல் போகும். கடனும் கூடவே போகும். அறிவித்தல் கொடுக்காமல் ஓடினால் 1865ஆம் ஆண்டின் தொழில் சட்டப்படி சிறை.

கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் எங்கள் சனத்துக்கு எந்தக் காலத்திலும் மறுப்பில்லை. துண்டில் இருந்த அநியாயம் வேறு. கொழுந்தெடுத்தும் கவ்வாத்து வெட்டியும் வருடங்கள் போன பிறகும் அந்தத் தொகை இறங்கவில்லை. சம்பளமே பெரும்பாலும் கங்காணி கை வழியாக வந்தது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு ஏறியது என்று தொழிலாளி பார்த்ததில்லை. ஆள் தட்டுப்பாடு வந்து துரைமார் ஒருவரையொருவர் மிஞ்சிக் காசு கொடுக்கத் தொடங்கியதும் துண்டின் தொகை இன்னும் ஏறியது. கூடுதலாக வந்ததில் கங்காணிக்குப் பங்கு கிடைத்தது, கடன் முழுவதும் தொழிலாளிக்கு.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியாவில் குடியகல்வுச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே இலங்கையில் வந்த சட்டப்படி தோட்டங்களெல்லாம் சேர்ந்து ஒரு பொது நிதிக்குப் பணம் கட்டின. ஆள் கொண்டு வரும் செலவு அதிலிருந்து போனது, தொழிலாளி கடனில்லாமல் வந்திறங்கினான். கடன் கயிறு இல்லாவிட்டால் ஆள் நிற்காது என்று அதுவரை வாதாடியவர்கள் இருந்தார்கள். 1920களில் வருகை குறையவில்லை, கூடியது.

அக்காவை யாரும் சிறையில் போடப் போவதில்லை, தெரியும். ரவுட்டரையும் துண்டையும் ஒன்றென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்த மூன்றாவது வரியைப் பார்க்கும்போது எனக்கு எழுகிற கேள்விகள் இரண்டும் இங்கிருந்துதான் வருகின்றன. தொகை இறங்குகிறதா? கணக்கு யார் கையில்?

15 அக்டோபர், புதன்

ஸ்டாஃப் ரூமில் அக்காவின் விலகல் கட்டணத்தைப் பற்றிச் சொன்னதும் வணிகக்கல்வி ஆசிரியர் பிடித்துக்கொண்டார். “கையெழுத்துப் போட்டாச்சு, கட்டணும். உலகம் முழுக்க அப்படித்தான்” என்றார். உலகம் முழுக்க அப்படியில்லை என்று காட்டுவதற்காகவே இரவு இரண்டு மணி நேரம் போனில் தேடினேன் (என் டேட்டா, என் காசு).

அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் 2009இல் ஸ்மார்ட்போன்காரர்களுக்கான விலகல் கட்டணத்தை 175 டொலரிலிருந்து 350 டொலராக்கியது. மாதம் பத்து டொலர் குறையும் என்றது. குறைகிறதே, நல்லதுதானே? இருபத்து மூன்று மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு, ஒரே ஒரு மாதம் இருக்கும்போது விலகினாலும் 120 டொலர் பாக்கி நிற்கும். அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவே விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. போட்ட செலவுதான் கணக்கு என்றால், இருபத்து நாலில் இருபத்து மூன்று கழிந்த பிறகு 120 எங்கேயிருந்து வந்தது?

2014 ஜனவரியில் டி-மொபைல் என்ற இன்னொரு நிறுவனம், மற்றக் கம்பெனியை விட்டு எங்களிடம் வாருங்கள், உங்கள் விலகல் கட்டணத்தை ஒரு இணைப்புக்கு 350 டொலர் வரை நாங்களே தருகிறோம் என்று அறிவித்தது. வாசித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். துண்டோடு போகிற கங்காணிக்குக் காசு கட்டி ஆள் பிடித்த துரை வேலையேதான் இது! வித்தியாசம் ஒன்று, பெரிய வித்தியாசம்: டி-மொபைல் கட்டிய காசு வாடிக்கையாளர் தலையில் கடனாக ஏறவில்லை.

இங்கிலாந்தில் 2018இல் விர்ஜின் மீடியா நிறுவனத்துக்கு, அங்கே தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்துகிற ஆஃப்கொம் 70 லட்சம் பவுண் அபராதம் போட்டது. ஒப்பந்தத்தில் சொன்னதற்கும் மேலாக ஏறத்தாழ 82,000 பேரிடம் விலகல் கட்டணம் வாங்கியிருந்தார்கள். கணக்கு கம்பெனி கையில் மட்டும் இருந்தால் இப்படி நடக்கும், அது கங்காணியானாலும் கம்ப்யூட்டரானாலும்.

நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. ஆனால் தன் பொறுப்பிலிருந்து நழுவும் நிபந்தனைகளைத்தான் அது முக்கியமாகப் பிடிக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொழும்பு எல்விட்டிகல மாவத்தையில் இருக்கிறது. அக்கா அங்கே நேரில் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும், பஸ் காசு தனி.

வணிகக்கல்வி ஆசிரியர் கடைசியில் “கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா?” என்றார். வேண்டும். படித்துக் காட்டி வாங்கிய கையெழுத்துக்கு.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளி முற்பணம் கொடுத்துவிட்டார்கள். டவுனில் கால் வைக்க இடமில்லை. அக்கா வீட்டில் முறுக்கு மாவு பிசைந்துகொண்டே சம்பளச் சிட்டையை என்னிடம் நீட்டினாள். போன வருட முற்பணம் எப்படிக் கழிந்தது என்று காட்டத்தான். மாதா மாதம் ஒரே தொகை வெட்டி, மீதி என்னவென்று அச்சடித்திருக்கிறது. “நடுவுல வேல வுட்டுப் போனா இந்த மீதியத்தான் புடிப்பாங்க. அதுக்கு மேல ஒரு சதம் கேக்க முடியுமா? அப்படிக் கேட்டா ஆபீஸ் வாசல்ல நிப்போம்” என்றாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோவைக் கழிக்கிற கணக்கப்பிள்ளையிடம் தினமும் சண்டை பிடிக்கிறவள். இந்த நியாயத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது. ரவுட்டர் பெட்டியின் விலையில் மீதியைக் கேட்கட்டும், கட்டலாம். இணைப்புப் போட்ட செலவில் கழியாதது இருந்தால் அதையும் எழுதிக் காட்டட்டும், கட்டலாம். தராத சேவைக்கு வாடகையை அபராதமென்று பேர் மாற்றிக் கேட்டால் அது மீதியில்லை.

இதற்குள் அக்கா வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த லயத்துத் தம்பிக்கு மகளின் சாதாரண தர வகுப்புக்கு இணைப்பு வேண்டுமாம். பேரை மாற்றிக்கொடுத்தால் அக்கா கட்டணம் கட்டத் தேவையில்லை என்று டவுனில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்குப் பெரிய நிம்மதி. தம்பியும் வந்திருந்தார், படிவத்தைக் கையில் பிடித்தபடி. வாங்கிப் பார்த்தேன். மீதியிருக்கிற பத்து மாதம் இல்லை, புதிதாக இருபத்து நாலு மாதம்.

“ரவுட்டர் புதுசா தர்றாங்களா?”

“இல்லீங்க சேர், இதே பெட்டிதான்.”

“ஆள் வந்து ஏதும் பொருத்துவாங்களா?”

“எதுக்கு? இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போயி எங்க காம்பராவுல வெக்கிறதுதானே.”

அப்படியானால் கம்பெனிக்குப் புதிதாக என்ன செலவு, எதற்கு இருபத்து நாலு மாதம் என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தாள். நாளை டவுனுக்குப் போய் பத்து மாதத்துக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன், அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். தம்பி படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“கேட்டுப் பாருங்க சேர். வகுப்பு அடுத்த கிழமை தொடங்குது. அதுக்குள்ள பதில் வரலேன்னா நான் போட்டுடுவேன்.”