பேரீச்சம்பழக் கணக்கு

எங்கள் வீட்டு அலுமினிய குக்கருக்கு வயது பதினெட்டு. அடியில் ஓட்டை. "பழசாப் போச்சு, பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதான்" என்றாள் மனைவி. (குக்கரைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.)

எங்கள் ராயபுரம் தெருவுக்குப் பேரீச்சம்பழக்காரர் வந்து வருஷக்கணக்காகிறது. ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் நண்பனைப் பார்க்கக் கிளம்பியபோது குக்கரையும் பையில் போட்டுக்கொண்டேன். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு காயலான் கடை.

கடைக்காரர் எதை எடுத்தாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். "ஒட்டினா இரும்பு சார். ஒட்டாததுலதான் காசு!" பித்தளைக் குழாய், ஃபேன் காயில், ஜன்னல் சட்டம், இப்போது என் குக்கர். இரண்டு கிலோ, இருநூறு ரூபாய்.

மூலையில் ஒருவர் கத்தியால் ஒயரின் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். "கொளுத்தினா சீக்கிரம் முடியுமே?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

"கொளுத்தினா செம்பு கருத்துடும், ரேட்டு குறையும். எங்க மாமா அப்பிடித்தான் கொளுத்துவாரு சார். இப்ப ராத்திரி பூரா இருமுறாரு."

பிளாஸ்டிக் தோல் எரிந்தால் டையாக்ஸின் என்ற விஷமும் புகையோடு வருமாம். செம்பை மீட்கப்போய் நெஞ்சைக் கொடுக்கிற வியாபாரம்!

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். பாக்ஸைட் மண்ணிலிருந்து புது அலுமினியம் ஒரு கிலோ எடுக்கக் கிட்டத்தட்ட 15 யூனிட் கரண்ட் வேண்டும். பழசை உருக்கினால் அதில் 5 சதவீத எரிசக்தி போதும். ஆக, என் ஓட்டைக் குக்கர் மிச்சம் பிடிப்பது 28 யூனிட். நிலக்கரியில் சுமார் 20 கிலோ. நம் ஊர் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்றால் ஆறேழு கிலோ சாம்பல்!

அந்தச் சாம்பல் ஒடிசா பக்கம் கொட்டியிருக்கும். ஆனால் சாம்பல் கொட்டினால் ஊர் என்ன ஆகும் என்று பார்க்க ஒடிசா வரை போக வேண்டியதில்லை. நண்பன் என்னைக் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அழைத்துப்போனான். 1970-ல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள். அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. அதன் சாம்பல் குழாய்கள் உடைந்து உடைந்து ஆற்றுக்குள் கொட்டியது அப்படியே படிந்து கிடக்கிறது.

"முன்னாடி இங்க கையால தடவித் தடவியே இறால் புடிப்பாங்கடா. இப்ப தடவினா இதான்" என்று ஒரு பிடி அள்ளிக் காட்டினான். சிமென்ட் கலரில் விரல் சந்தில் வழிந்தது. அவன் கையைக் கழுவ அந்தத் தண்ணீரில் குனியவில்லை. என் பாட்டிலைக் கேட்டு வாங்கினான்.

திரும்பும்போது அந்த இருநூறு ரூபாயில் அரை கிலோ பேரீச்சம்பழம் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்த மனைவி சொன்னாள்: "பரணில் பித்தளை அண்டா ஒண்ணு இருக்கு. அடுத்த ஞாயிறு எண்ணூர் போறீங்களா?"