தண்ணீருக்குப் போகாத இமோரிக் குட்டி



டோக்கியோவில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பேத்தி இங்கே ஒரு சின்ன உயிரை வளர்க்கிறாள். ஜப்பானியர்கள் அதை 'இமோரி' என்கிறார்கள். ஆங்கிலத்தில் நியூட். பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குச் சொந்தம். முதுகு கறுப்பு, வயிறு சிவப்பு. நம் ஊரில் கிடையாது. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் இதன் உறவுக்காரர் உண்டு.

முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று கரும்பலகையில் வரைந்தோமே, நினைவிருக்கிறதா? இமோரியும் தண்ணீரில்தான் பிறக்கிறது. கழுத்தோரம் இறகு மாதிரி செவுள் இருக்கும். சில மாதங்களில் செவுள் மறைந்து, குட்டி கரையேறிவிடும். பிறகு இரண்டு மூன்று வருடம்கூட ஈரப்பாசியிலும் சருகடியிலும் வாழும். வளர்ந்தபின் மறுபடி குளத்துக்கும் நெல்வயல் தண்ணீருக்கும் திரும்பும்.

பேத்தியின் வகுப்புத் தோழி கொடுத்த குட்டி இது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. கடையில் பெரிய இமோரிகள் நீந்துவதைப் பார்த்த மாப்பிள்ளை, "தண்ணீர்ப் பிராணிதானே, தொட்டியில் விட்டால் பழகிவிடும்" என்றார். தோழியின் அம்மா தடுத்துவிட்டார். இந்த வயதில் ஆழத் தண்ணீரில் விட்டால், ஏறிக்கொள்ள இடமில்லாமல் களைத்து மூழ்கிவிடும் என்றார். அவர் சொன்னபடி பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தோம். மேட்டில் பாசியும் மரப்பட்டையும், பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர். பழ ஈயும் பொடிப் புழுவும் சாப்பாடு. தோலில் நஞ்சு உண்டு, தொட்டால் கை கழுவவேண்டும்.

சில இரவுகளில் குட்டி தண்ணீரில் கால் வைக்கும், வாலை நனைக்கும், திரும்பிப் பாசிக்குள் நுழைந்துகொள்ளும். யாரும் அதைத் தள்ளுவதில்லை.

"பழகிவிடும்" என்று சொல்லித்தான் பேத்தியையும் இங்கே பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு வருடமாகியும் வகுப்பில் அவள் வாய் திறப்பதில்லை. மகள் ராத்திரியில் அழுகிறாள்.

முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். வாசலில் அழும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினால் அழுகை நிற்கும், பேச்சும் சேர்ந்து நின்றுவிடும். வராந்தாவில் உட்காரட்டும் என்று விட்ட பிள்ளை, பாட்டுச் சத்தம் கேட்டுத் தானே உள்ளே வரும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு ஒரு பருவம்.

மகளிடம் சொன்னேன்: "வீட்டில் அவளோடு தமிழிலேயே பேசு. அவள் ஏறி உட்காரும் இடம் அதுதான். அந்தத் தோழியை அடிக்கடி வீட்டுக்குக் கூப்பிடு."

இப்போது குட்டிக்குத் தீனி போடும்போது இருவரும் ஜப்பானிய மொழியில் குசுகுசுப்பது அடுப்படியில் எனக்குக் கேட்கிறது. வகுப்பில் இன்னும் பேசவில்லை. குட்டியும் இன்னும் கரையில்தான் இருக்கிறது.

ஜூனில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப்போகும் என் மாணவர்களே, முதல் மாதம் கொஞ்சம் பொறுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் முதல் நாள் பள்ளி நினைவு எதுவாக இருந்தாலும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்