சோலோன் பெரியம்மாவின் நிலாப் பணியாரம்

போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்த மருமகள் ஒரு தகரப் பெட்டியைக் கையில் கொடுத்தாள். சிவப்பு மூடி, அதில் முயல் படம், உள்ளே நாலு வட்டப் பணியாரம். "மூன் கேக், மாமா. சீனர்கள் நிலாப் பண்டிகைக்குச் செய்வது. நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்" என்றாள். சிரித்துக்கொண்டேன். அறுபத்தைந்து வருடத்துக்கு முன்பே புதுச்சேரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தின்றவன் நான். 'காதோ த லூன்' என்போம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு சைகோன் வீடு இருக்கும். பெரியப்பா அங்கே துவானில், அதாவது சுங்க இலாகாவில் வேலை பார்த்தார். 1956இல் திரும்பி வந்தபோது கூடவே பெரியம்மாவும் வந்தார். சைகோனை ஒட்டிய சோலோனில் பிறந்த சீனப் பெண்மணி. கன்டோனீஸ் பேசுகிற குடும்பம். எங்கள் அம்மாவுக்கு ஓரகத்தி என்பதால் 'அக்கா'. நெம் பொரிக்க எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

சீனக் கணக்கில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள், பௌர்ணமி, இந்தப் பண்டிகை. நமக்கு ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ வரும். நம் அதிக மாதம் போல அவர்களும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்வார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் சின்ன மேசை போடுவார். ஊதுவத்தி, தேநீர், அவித்த சேப்பங்கிழங்கு, ஒரு பம்பளிமாஸ். (பள்ளிக்கூடத்தில் 'பாம்ப்ளமூஸ்' என்று படித்துவிட்டு வீட்டில் பம்பளிமாஸ் தின்ற தலைமுறை நாங்கள்.) உரித்த தோலை எங்கள் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துவிடுவார். கும்பிடும் நேரத்தில் மட்டும் பெரியப்பா உட்பட ஆண்பிள்ளைகள் எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும். நிலாவை ஆண்கள் கும்பிடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

நிலாவில் இருப்பது யார் என்பதில் வருடா வருடம் சண்டை. வடை சுடும் பாட்டி என்பார் அம்மா. முயல் என்பார் பெரியம்மா. வானத்தில் பத்துச் சூரியன்கள் காய்ந்தபோது ஒன்பதை அம்பெய்து வீழ்த்திய வீரன் ஹோ யீ. அவனுக்குக் கிடைத்த சாகாமருந்தை மனைவி சாங்-அ குடித்துவிட்டு நிலாவுக்கே மிதந்து போய்விட்டாள். அங்கே மரத்தடியில் மருந்து இடித்துக்கொண்டிருப்பதுதான் அந்த முயல். "சந்திரனுக்குச் சசாங்கன் என்று ஒரு பேர். முயல் அடையாளம் உள்ளவன் என்று அர்த்தம். அண்ணி சொல்வதும் சரிதான்" என்று அப்பா தீர்ப்புச் சொல்வார். பீஜிங் பக்கத்தில் அந்த முயலுக்குப் போர்க்கவசம் மாட்டி, புலிமேல் உட்கார்த்தி, களிமண் பொம்மை செய்வார்களாம். நம் கொலுவுக்குப் பொருத்தமாக இருக்கும். 2013இல் சீனா நிலாவில் இறக்கிய ஊர்திக்கும் யூத்து, மரகத முயல், என்றுதான் பேர் வைத்தார்கள். அதைப் பார்க்கப் பெரியம்மா இல்லை.

பணியாரத்துக்கு முறைப்படி தாமரை விதை விழுது வேண்டும், நடுவில் உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு வேண்டும். அறுத்தால் உள்ளே நிலா தெரியும். புரட்டாசியில் முட்டையா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டதால், பச்சைப்பயறும் வெல்லப்பாகுமாக ஒரு சமரசம் ஏற்பட்டது. முட்டை இல்லாத நிலா.

சோலோனிலிருந்து அவர் கொண்டுவந்த அச்சு ஒன்று இருந்தது. கைப்பிடி வைத்த கனத்த மரக்கட்டை, நடுவில் வட்டக் குழி, ஓரமெல்லாம் இதழ் இதழாக. அடியில் இரண்டு சீன எழுத்து. மாவை அமுக்கி, கட்டையின் ஓரத்தை மேசையில் 'டக்' என்று தட்டினால் பணியாரம் உள்ளங்கையில் விழும். எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கியிருப்பார்கள். பிற்பாடு ஆபீசில் ரப்பர் முத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டை ஞாபகம் வரும். 'ஒன்றுகூடல்' என்று அர்த்தம் சொன்னார்.

வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டு போடுவார். கூட ஒரு துண்டு, சோலோனில் இருக்கும் தங்கைக்கு. பண்டிகைக்கு முன்னால் தங்கைக்குக் கடிதம் எழுதுவது என் வேலை. அவள் கன்னியாஸ்திரீகளிடம் பிரெஞ்சு படித்தவள். பெரியம்மா அரைகுறைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் எழுதுவேன். "தம்பி, இங்கே நிலா பெரிசு என்று எழுது. அங்கேயும் பெரிசா என்று கேள்."

மறுநாள் பெரும்பாலும் மகாளயம் ஆரம்பிக்கும். அம்மா காக்கைக்குச் சோறு வைக்கப் போகும்போது, மீந்த அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு போவார். பெரியம்மா ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். "வேண்டாம்! என் தங்கச்சி உயிரோட இருக்கா!" நாங்கள் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும்தான்.

1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது. அதற்குப் பிறகு பதில் வரவில்லை. நான் அப்போது வேலையில் சேர்ந்துவிட்டேன். ஆபீஸ் கடிதம் எழுதும் பழக்கத்தில், தெரிந்த விலாசங்களுக்கெல்லாம் மனு போட்டேன். இரண்டு திரும்பி வந்தன, மற்றவை வரவே இல்லை. மூன்று பண்டிகை போனது. நாலாவது வருடம், மறுநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, பெரியம்மாவே அந்தத் துண்டை எடுத்துப் பிட்டு மதில்மேல் வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பெரியம்மா 1988இல் போய்விட்டார். சில வருடம் கழித்து வீட்டை விற்றபோது, பரணில் கிடந்த அந்தக் கட்டையைப் பழைய சாமான்காரரிடம் மற்றதோடு சேர்த்துப் போட்டது நான்தான். ஐந்து ரூபாய் கொடுத்திருப்பாரா, அதுவும் இல்லையா, நினைவில்லை. சிங்கப்பூர் போயிருந்தபோது சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோபுரத்துக்கு எதிரே வரிசையாகப் பண்டிகை விளக்குகள் தொங்கின. பக்கத்துக் கடை ஒன்றின் கண்ணாடிக்குள் அதே மாதிரி ஒரு அச்சு இருந்தது. மகன் கூப்பிட்டும் அங்கிருந்து நகர முடியவில்லை. அதிலிருந்து நம் ஊர்ப் பழம்பொருள் கடைகளில் மர அச்சு கண்டால் புரட்டிப் பார்ப்பேன். மீன் வடிவத்தில் ஒன்று கிடைத்தது. எழுத்து வைத்தது இதுவரை கிடைக்கவில்லை.

மருமகள் கொண்டுவந்த பணியாரத்தை அன்று ராத்திரி அறுத்தோம். உள்ளே மஞ்சள் கரு இருந்தது. நாங்கள் ஐந்து பேர். நான் ஏழு துண்டு போட்டதைப் பார்த்துப் பேத்தி, "தாத்தா, எண்ணத் தெரியாதா?" என்றாள்.