மூட்டைக்குப் பதினாறு கிராம்

யூரியா ஆலையின் கன்வேயர் பெல்ட் பக்கம் போனால் அமோனியா நெடிக்கு முன்பே வேப்பெண்ணெய் வாடை வந்துவிடுகிறது. தூத்துக்குடியில் 1975 முதல் யூரியா தயாராகிறது. உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு கட்டாயமானது 2015இல். உரக் கட்டுப்பாட்டு ஆணை கேட்கும் குறைந்தபட்ச அளவு 0.035 சதவீதம், 45 கிலோ மூட்டைக்குச் சுமார் 16 கிராம். அந்தச் சிறு அளவுதான் மண்ணில் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கிறது.

வேப்பெண்ணெய் தெளிக்கும் முனைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர், என் கண் எண்ணெய் மீட்டரில் இருப்பதைக் கவனித்துவிட்டார். "அங்க பாக்காதீங்க அண்ணாச்சி, பெல்ட்டப் பாருங்க. ஒரு முனைல கசடு அடைச்சா மத்த முனை வழியா எண்ணெய் போயிரும், மீட்டர் சரியாத்தான் காட்டும். ஆனா பெல்ட்ல ஒரு ஓரம் மட்டும் வெள்ளையா ஓடும்." பூச்சு ஏறிய குருணையில் லேசான பழுப்பு உண்டு. ஷிப்ட் முழுக்க அவர் தேடுவது அந்த வெள்ளை ஓரத்தைத்தான்.

உருகிய யூரியாவைக் கோபுர உச்சியிலிருந்து குருணையாக உதிர்ப்பதற்கு முன் ஃபார்மால்டிஹைடு சேர்க்கும் வழக்கமும் உண்டு. குருணை உறுதிப்படும், எளிதில் கட்டி பிடிக்காது. ஆனால் அது கண்ணை எரிக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள். அங்கே வேலை செய்கிறவரின் முகக்கவசம், குருணையின் தரத்தை விட எனக்கு முக்கியம்.

கட்டி பிடிப்பதைத் தடுக்கும் இந்த ஃபார்மால்டிஹைடு ஏன் தேவை என்பதை அந்தமானில் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தாண்டினாலே யூரியா நீரை இழுக்கத் தொடங்கும். அங்கே மழை மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. சிப்பிகாட்டில் காய்கறி போடும் தமிழ் விவசாயி ஒருவர் சொன்னார்: "பிரிச்ச மூட்டைய மறுநாள் மம்பட்டியால தட்டித்தான் எடுக்கணும் தம்பி."

ஆலையின் ஆய்வகத்தில் இன்னொரு காவல். யூரியா சுமார் 133 டிகிரியில் உருகும். உருகியது அதிக நேரம் சூட்டில் கிடந்தால் பையூரெட் என்ற வேண்டாத பொருள் பெருகும், அது 1.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இலைவழி தெளித்தால் எலுமிச்சையும் அன்னாசியும் இதைத் தாங்காது, இலை நுனி மஞ்சளடிக்கும். அந்தமானில் அன்னாசி விளைகிறது என்பதை நினைத்துக்கொண்டே நின்றேன். வேதியியலர் இளம்பெண், கரைசலில் காரம் கலந்த டார்ட்ரேட்டை ஊற்றி, பிறகு காப்பர் சல்பேட்டைச் சேர்த்தார். ஊதா ஏறியது. குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கருவியில் வைத்தார். நிறம் அடர்ந்தால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போகும்: "அண்ணே, சூட்டைப் பாருங்க."

இவ்வளவு கண்காணிப்பும் ஆலை வாசலோடு நிற்கக் கூடாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். பிறகு ஈரக்காற்றில் கிடங்கு இருப்பு. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி மாதிரி எடுக்கும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. போர்ட் பிளேரின் ஹேடோ துறையில் இறங்கும் மூட்டையில் ஒருமுறை, விவசாயி கைக்குப் போகுமுன் கிடங்கில் இன்னொரு முறை ஈரப்பதம் பார்க்க வேண்டும். மழை மாதங்களில் இதைத் தவறவே விடக் கூடாது.