பந்திங் வீட்டுக்கு ஒரு பேசும் பெட்டி

அந்தச் சனிக்கிழமை மாலை மோரிப் பக்கமிருந்து கருமேகம் ஏறி வந்தது. அம்மா துணி எடுக்க ஓடினார். நான் தொலைக்காட்சியின் சுவிட்சை அணைத்தேன். அதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். கூரைமேல் இருக்கும் தட்டிலிருந்து வரும் கம்பியை மட்டும் கழற்றவில்லை.

ஒரே ஓர் இடி. கூடத்து மூலையில் 'டப்' என்று ஒரு சத்தம். லேசாகக் கருகல் வாடை. தொலைக்காட்சியின் ஒலியை வாங்கி ஐந்து ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் ரிசீவர், பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டது.

"வானொலிக்காரி வீட்டுலயே மின்னல் பூந்துடுச்சா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த மூன்று வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை என்றால் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தமிழ்ப்படம் பார்ப்போம். ரிசீவர் போனபின் தொலைக்காட்சியின் சொந்த ஒலியிலேயே பார்த்தோம். நகைச்சுவைக் காட்சி வந்தால், நாங்கள் சிரித்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா சிரிப்பார். மூன்றாம் ஞாயிறு, படம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் "தலை வலிக்குது" என்று எழுந்து அறைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறு கூடத்துக்கு வரவேயில்லை.

அம்மாதான் சமையலறையில் மெதுவாகச் சொன்னார்: "தலைவலியெல்லாம் இல்லம்மா. அவங்க பேசுறது ஒண்ணும் அவருக்கு வெளங்கல. சொல்ல வெட்கப்படுறாரு."

அப்பா முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இஞ்சின் இரைச்சல் அவர் காதில் என்றோ குடியேறிவிட்டது. தினமும் ஊருக்கெல்லாம் பேசுவது என் தொழில். என் வீட்டில் ஒருவருக்குப் பேச்சு கேட்காமல் போனது எனக்குத் தெரியவில்லை.

கிள்ளானில் ஒரு சோதனை

முதலில் பழையதைப் பிழைக்க வைக்க முடியுமா என்று பார்த்தோம். பந்திங்கிலிருந்து தெலோக் பங்ளிமா காராங் வழியாக, லோரிகளின் பின்னால் ஊர்ந்து கிள்ளான் போய்ச் சேர்ந்தேன். தெங்கு கிளானா சாலையில் வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம். மல்லிகைச் சரம், முறுக்கு, சேலைக் கடை. ஒரு கடையின் பாட்டு முடியும் முன்பே அடுத்த கடையின் பாட்டு காதில் விழுந்தது.

பின்சந்தில் இருந்த பழுதுபார்க்கும் அண்ணன் பெட்டியைத் திறந்தார். பண்பலை வானொலி பாடியது. எச்டிஎம்ஐ வாசல்கள் செத்துவிட்டன. தொலைக்காட்சியிலிருந்து ஒளியிழைக் கம்பி போட்டுப் பார்த்தார்; அதுவும் இல்லை. "பல வீட்ல எச்டிஎம்ஐ போனாலும் இந்த ஆப்டிக்கல் கம்பி வேலை செய்யும். அவங்களுக்குப் புதுசே தேவைப்படாது. ஒங்க பெட்டில டிஜிட்டல் போர்டே கருகிடுச்சு. இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல தங்கச்சி" என்றார். சோதித்துப் பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வழியாக

அடுத்த சனிக்கிழமை அப்பாவையும் கிளப்பினேன். "நான் எதுக்கும்மா?" என்றார். "தூக்க ஆள் வேணும்ப்பா" என்றேன். உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

காரைக் கிள்ளானில் விட்டுவிட்டுக் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து நடந்தே பிரிக்பீல்ட்ஸ் போய்த் தோசையோடு பசியாறினோம். கோலாலம்பூர் 1881-இல் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின், அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்குச் செங்கல் சுட்ட இடம் என்பதால் வந்த பெயர்தான் பிரிக்பீல்ட்ஸ். 2010-இல் லிட்டில் இந்தியாவாக அலங்காரம் பெற்றது. ஆனால் எனக்கு இந்த வட்டாரத்தின் இன்னொரு முகம்தான் பிடிக்கும். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களுக்காக நடைபாதையில் மேடு வைத்த கற்கள் பதித்திருக்கிறார்கள்.

சாலையோரம் ஒருவர் கோலைத் தட்டி நின்று, காரின் சத்தம் கடந்ததும் சரியாகக் கால் எடுத்து வைத்தார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இவருக்குக் காதே கண்ணும்மா" என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எனக்குச் சத்தம் கேக்குது. வார்த்தைதான் கேக்கல."

நான் தேடவேண்டிய பெட்டி எது என்று அப்போதுதான் புரிந்தது.

வயதாலோ இரைச்சலாலோ காது தளரும்போது முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக இருப்பதால் காதில் விழுந்துவிடும். ச, த, ப போன்ற மெய்யொலிகளின் கூர்மை மேலே இருக்கிறது; அதுதான் நழுவும். உயிர் நின்று மெய் போனால் பேச்சு வெறும் முனகல். அதற்காக ஒலியளவைக் கூட்டினால் இசையும் வெடிச்சத்தமும் சேர்ந்து கூடும். தலைதான் வலிக்கும்.

வானொலி நிலையத்தில் நாங்கள் பேச வாயெடுத்தால் பின்னணிப் பாட்டை உடனே தாழ்த்துவோம். பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அது. படம் நமக்காக அப்படித் தாழ்த்தாது. ஆனால் 5.1 ஒலியமைப்பில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கி ஒன்றிலிருந்தே வருகிறது. அதை மட்டும் உயர்த்த ஒரு நல்ல ரிசீவரால் முடியும்.

தாமான் ஜெயாவில் காது சொன்ன தீர்ப்பு

கேஎல் சென்ட்ரலில் இலகு ரயில் ஏறித் தாமான் ஜெயாவில் இறங்கினால் ஆம்கார்ப் மால். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை. இசைத்தட்டு, பழைய கேமரா, தாத்தா காலத்து வானொலி என்று பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும். மலிவாக ஒரு ஜப்பானிய ரிசீவரும் கண்ணில் பட்டது. பின்னால் திருப்பிப் பார்த்தேன்: 100 வோல்ட். நம் வீட்டு மின்சாரம் 230, 240. செருகியவுடன் கதை முடிந்திருக்கும். பழையது வாங்குகிறவர்கள் முதலில் அந்த வரியைப் படியுங்கள்.

மேல்மாடியில் ஒலிக்கருவிக் கடை. கையில் 2,500 ரிங்கிட். விற்பனை இளைஞர் உற்சாகமாக அட்மோஸ் காட்டினார். 2012-இல் திரையரங்குகளுக்கு வந்த தொழில்நுட்பம். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும். அருமைதான். எங்கள் தாமான் வீட்டுக் கூரையில் ஒலிபெருக்கி மாட்ட இடமில்லை. அடுத்து 80 வாட், 100 வாட் என்று கணக்குச் சொன்னார். வாட் இரண்டு மடங்கானாலே ஒலி 3 டெசிபல்தான் கூடும். 80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபல். காது அதைக் கண்டுகொள்ளாது. 4கே 120 ஹெர்ட்ஸ் என்பதும் விளையாட்டுப் பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்குத்தான் முக்கியம்.

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சண்டைக் காட்சி போட்டார்கள். கடை அதிர்ந்தது.

"குண்டு நல்லாத்தான் வெடிக்குது. அவன் என்ன சொன்னான்?" என்றார் அப்பா.

மொழி புரியாவிட்டாலும் தவுக்கேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ரிமோட்டை வாங்கினார். நடு ஒலியை 3 டெசிபல் ஏற்றி, குண்டுச் சத்தத்தைப் பேச்சோடு நெருக்கிவைக்கும் இரவு நேர அமைப்பையும் போட்டார். அதே காட்சி மறுபடி ஓடியது. அப்பா என் பக்கம் திரும்பி அந்த வசனத்தை அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை குறையவில்லை.

அங்கேயே முடிவாகிவிட்டது. யமாஹா, டெனான் இரண்டிலுமே நடு ஒலியைத் தனியாக உயர்த்தலாம். அறைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்யும் மைக்கும் உண்டு. பண்பலை வானொலி உள்ள யமாஹாவை எடுத்தோம், காலையில் அப்பா என் நிகழ்ச்சி கேட்க வேண்டுமே. பின்புறத்தில் 'மேட் இன் மலேசியா' என்றிருந்தது. "நம்ம ஊருப் பெட்டியா!" என்று தடவிப் பார்த்தார்.

எல்லா வீட்டுக்கும் இது தேவையில்லை. எங்களிடம் நல்ல ஒலிபெருக்கிகள் ஏற்கனவே இருந்தன. இல்லாதவர்களுக்கு, வசனத்துக்குத் தனி நடுப்பகுதி உள்ள ஒரு சவுண்ட்பார் போதும். எதை வாங்கினாலும் உள்ளூர் உத்தரவாதம் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்குக் கேட்கவில்லையோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

பெட்டியை ரயிலில் அப்பாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டில் சோதனை மைக்கைக் கூடத்தின் நடுவில் வைக்காமல், அவர் நாற்காலியில், அவர் காது உயரத்தில் வைத்தேன். மின்சாரச் செருகலையும் தட்டுக் கம்பியையும் இப்போது மேகம் கறுத்ததுமே அம்மா கழற்றிவிடுகிறார். துணிக்கு இரண்டாம் இடம்தான்.

அந்த ஞாயிறு நகைச்சுவைக் காட்சி வந்தது. அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களோடு சேர்ந்தே சிரித்தார்.

படம் முடிந்ததும் கேட்டேன்: "காது டாக்டர்கிட்ட ஒரு தடவை போலாமாப்பா? பெட்டி கூடத்துலதானே இருக்கும், நீங்க எல்லா எடத்துக்கும் போறீங்க."

கொஞ்சம் யோசித்தார். "வர்ற வாரம் லீவு போடு" என்றார்.